தேதி போடாத காகிதம்

ஆனந்தவள்ளியைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்லி ஊர் கொடுத்த மனு, நாலு ஆபீஸ் ஏறி இறங்கி, கடைசியில் ஆனந்தவள்ளியின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'தக்க நடவடிக்கை எடுத்து மனுதாரருக்குப் பதில் அளிக்கவும்.' நடவடிக்கை எடுக்க வேண்டியவர் யார்? அரசங்குளம் ஊராட்சி மன்றத் தலைவர். யார் மேல்? அதே தலைவர் மேல். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஊராட்சி செயலர் சித்தார்த்தன் மனுவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"மேடம், உங்களை நீங்களே எறக்கிக்கணும்னு வந்திருக்கு. என்னைக்கு வச்சுக்கலாம்?"

"இன்னைக்கே எறங்கிடறேன் தம்பி. கதவு எந்தப் பக்கம் இருக்குன்னுதான் தெரியல."

அவன் சிரித்துவிட்டான். அவள் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டான், பாவம்.

முப்பத்தொரு தாள், நூல் கோத்துத் தைத்திருந்தது. அறுநூற்றிப் பன்னிரண்டு கையெழுத்து. 'ஊர்க் குடிநீரை லாரிக்குத் திறந்துவிட்டு வேடிக்கை பார்க்கும் தலைவரை, ஓட்டுப் போட்ட நாங்களே திரும்ப அழைத்துக்கொள்கிறோம்' என்று முதல் தாளில் எழுதி, அதன் கீழே முதல் ஆளாக அற்புதசாமி கையெழுத்துப் போட்டிருந்தார்.

அற்புதசாமி பெரிய ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அரசங்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய யூனியனில் ஒரு வழக்கம் உண்டு. கமிட்டி மெம்பர் சரியில்லை என்றால் அந்த ஷாப்பில், அதாவது அந்தப் பிரிவில், பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், ஆள் அன்றைக்கே இறங்கியாக வேண்டும். ஊராட்சிக்கும் அதுதான் சட்டம் என்று மனுஷன் நம்பிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன? ஒரு ஷாப் கமிட்டிக்கு இருக்கிற மரியாதை ஒரு ஊருக்கு இருக்காது என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஆனந்தவள்ளி ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். எதிர்வீட்டுக்காரி. மளிகைக் கடைக்காரர். போன வருஷம் வரை அவளுக்குப் பூ கொண்டுவந்து கொடுத்த அற்புதம்மாள், கைநாட்டு. இருபத்திரண்டாம் தாளில் நடுவாக, எழுத்துகளைச் சாய்த்து அழகாக எழுதியிருந்த ஒரு பெயரில் அவள் விரல் நின்றுவிட்டது. ம. விஜயராணி. அவள் பெற்ற மகள்.

இவள் எப்படித் தலைவரானாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவளாக ஆசைப்பட்டு ஆகவில்லை.

அவள் புருஷன் மருதையின் அண்ணன் வீரமலை. ரெண்டு தடவை ஊராட்சித் தலைவராக இருந்தவர். மூன்றாவது தடவை ஊரைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவர் சம்சாரத்துக்குச் சத்துணவில் வேலை, தேர்தலில் நிற்க முடியாது. வீட்டில் மிச்சம் இருந்த பொம்பளை ஆனந்தவள்ளிதான். அப்போது அவள் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டிங் ராடு, கையுறை, கண்ணாடி எல்லாம் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. காலையில் எட்டு பத்துக்கு வரும் பஸ், ஜன்னல் சீட், தனக்கென்று ஒரு டிபன் பாக்ஸ், 'ஸ்டோர்ஸ் அக்கா' என்று ஒரு பெயர். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்டதில்லை.

வேட்புமனு கொடுக்கப் போன அன்றைக்கு, கார் பானட்டின் மேல் இருபது காகிதத்தைப் பரப்பி வைத்துக் கையெழுத்து வாங்கினார் வீரமலை. அதில் ஒன்று வெள்ளைத் தாள். 'சொந்தக் காரணங்களால் ஊராட்சித் தலைவர் பதவியை ராஜினாமா செய்கிறேன்' என்று எழுதியிருந்தது. தேதி போடும் இடம் மட்டும் காலி.

"இது எதுக்கு மாமா? இன்னும் ஜெயிக்கவே இல்லையே."

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா. நாளைக்கு உனக்கே வேணாம்னு தோணிச்சுன்னா அலையாம இருக்கலாம் பாரு."

அவளுக்காகத்தான் வாங்கி வைத்தாராம். நல்ல மனுஷன். நாலு வருஷமாக அந்தக் காகிதம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாறும், காகிதம் மாறாது.

பதவி வந்த மறுநாளே ஷெட் வேலை போயிற்று. பிரசிடெண்ட் வெல்டிங் ராடு எண்ணிக்கொண்டிருந்தால் குடும்ப மரியாதை என்ன ஆவது என்றார் வீரமலை. காரில் போக வேண்டும், காரில் வர வேண்டும். அவர்கள் குடியிருந்தது வீரமலை வீட்டின் பின்கட்டு. வெளியே போக ஒரே கேட், அதுவும் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாசலைத் தாண்டி. கம்ப்யூட்டரில் போடும் கையெழுத்துக்கு ஒரு குச்சி கொடுத்திருந்தார்கள், பென் டிரைவ் மாதிரி. அதுவும் அவரிடம்தான். ஆனந்தவள்ளியின் கைப்பையில் இருந்தது ஊராட்சியின் வட்ட முத்திரையும் ஒரு மைப்பெட்டியும் மட்டும். கூப்பிட்ட இடத்தில் குத்துவதற்கு.

குளத்தோரம் ஊராட்சி போர்வெல் இருக்கிறது. ஊரிலேயே நல்ல தண்ணீர் அங்கேதான். விடிந்ததிலிருந்து அந்தத் தண்ணீரை மூன்று டேங்கர் லாரிகள் பிடித்துக்கொண்டு துவாக்குடிக்குப் போகும், காலேஜ் பையன்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு. லாரி வேறொருவர் பெயரில். யாருடைய லாரி என்று ஊரில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஊர்க் குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தது, அதுவும் முக்கால் மணி நேரம்.

ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"மாமா, சித்திரை வைகாசி ரெண்டு மாசமாவது லாரியை நிறுத்துங்களேன். பொம்பளைங்க என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாங்க."

வீரமலை கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சட்டைப் பையை ரெண்டு விரலால் தட்டினார், அவ்வளவுதான்.

அப்போதுதான் அவளுக்கு வெறுத்துப்போயிற்று. தானே ஒரு ராஜினாமா எழுதி, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் மேல் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கின ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்து, "வீட்டுல கேட்டுட்டீங்களாம்மா?" என்றான். அவள் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் அந்தக் காகிதம் வந்து சேர்ந்திருந்தது. வீரமலை அவள் எதிரிலேயே அதை நாலாகக் கிழித்தார்.

"நீ எப்பப் போகணும்னு நான் சொல்றேன். இன்னும் வேலை பாக்கி இருக்கு."

வைத்த ஆளைத் திரும்ப அழைக்கிற அதிகாரம் அரசங்குளத்தில் இல்லாமல் இல்லை. இருந்தது. ஓட்டுப் போட்ட ஊரிடம் இல்லை, ஒருத்தர் சட்டைப் பையில் இருந்தது.

மனு வந்த அன்றைக்குச் சாயங்காலம் காலேஜ் விட்டு வந்த மகளிடம் ஆனந்தவள்ளி இருபத்திரண்டாம் தாளை மட்டும் காட்டினாள். விஜயராணி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தலை குனியவில்லை.

"ஆமா, போட்டேன். பஸ்ஸுல எல்லாரும் உன்னத் திட்டுறாங்க. தண்ணி வித்த காசுல உனக்கு நகை வந்திருக்காம். உன் கழுத்துல கிடக்குறது கவரிங்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? நீ இதுலேருந்து வெளிய வந்தா போதும்மா. அதுக்குத்தான் போட்டேன்."

ஆனந்தவள்ளி மனுவை மூடி வைத்தாள். வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"சாப்புடு, தோசை ஊத்துறேன்" என்றாள்.

மறுநாள் அற்புதசாமி பதில் கேட்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் ரெண்டு பேனா. மனு யாரிடம் வந்திருக்கிறது என்று பார்த்ததும் மனுஷனுக்கு முகம் சுருங்கிப்போனது.

"இது என்னங்க அநியாயம்? மெமோ வாங்குனவன்கிட்டயே என்கொயரியைக் குடுத்த மாதிரி."

"உக்காருங்க சார். நானே தேடிப் பாத்துட்டேன். ஓட்டுப் போட்டவங்க கையெழுத்துப் போட்டுத் தலைவரை எறக்க சட்டத்துல வழி இல்ல."

"வழி இல்லையா?"

"இல்ல. மேல இருக்குறவங்க எறக்கலாம். நானா எறங்கலாம். நீங்க எறக்க முடியாது."

அற்புதசாமி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே லாரி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

"அப்ப நீங்களா எறங்க வேண்டியதுதானேம்மா. அறுநூறு பேர் சொல்லியும் ஒட்டிக்கிட்டு இருக்கீங்களே, உங்களுக்கு உறுத்தலையா?"

நாலு வருஷத்தில் அவளிடம் நேருக்கு நேர் கேட்ட முதல் ஆள் அவர். அதனாலோ என்னவோ, அவள் சொல்லிவிட்டாள். பானட்டில் போட்ட கையெழுத்து, சட்டைப் பை, நாலாகக் கிழிந்த காகிதம் எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வெறுமனே களைப்பாக இருந்தது.

"அப்ப உங்களையும் எங்களையும் ஒரே பூட்டுலதான் போட்டுருக்கான்" என்றார் அற்புதசாமி. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "ஜெயிக்கறதுக்கு முன்னாடி வாங்குன ராஜினாமா எப்படிங்க செல்லும்? வேலையில சேராதவன் எப்படி வேலையை விடுவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் பாட்டுக்குக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் வீரமலை பின்கட்டுக்கு வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். மருதை அவசரமாக லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றான். அண்ணனுக்கு முன்னால் அவன் உட்கார்ந்து பேசியதே கிடையாது.

"ஊரு ரொம்பப் பேசுது. திங்கக்கிழமை காந்தி ஜெயந்தி கிராம சபையில உன் ராஜினாமாவை நானே வாசிச்சுடறேன். ஊர் சொல்லுக்கு நம்ம குடும்பம் கட்டுப்பட்டுச்சுன்னு நாளைக்குப் பேரும் இருக்கும். மிச்சம் இருக்குற ஒண்ணேகால் வருஷத்தைத் துணைத்தலைவர் கலையரசன் பாத்துக்குவான். என்னம்மா, சந்தோஷந்தானே?"

பொய் சொல்லக் கூடாது, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உடம்பெல்லாம் லேசாகிப்போன மாதிரி. அவர் போனதும் முதல் வேலையாகத் துவாக்குடி ஷெட்டுக்குப் போன் போட்டாள். சூப்பர்வைசர், "வாங்கக்கா, இப்ப இருக்குற பையன் ஒண்ணை எடுத்தா ஒண்ணைக் காணோங்குறான்" என்றார். அன்றைக்கு ரசத்தில் உப்பு ரெண்டு தடவை விழுந்துவிட்டது. மருதை அதையும் ஊற்றிச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை, புரட்டாசிச் சனி. காரியம் நல்லபடி முடிய வேண்டும் என்று வீரமலை எல்லாரையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்தப் புதுக் காரியமென்றாலும், அது கல்யாணப் பத்திரிகையோ கிரயப் பத்திரமோ, சக்கரத்தாழ்வார் சந்நிதியில் வைத்து எடுக்காமல் அவர் தொடங்க மாட்டார். திருவெறும்பூர் தாண்டுவதற்குள் உறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, மடியில் டைரியை வைத்து, தேதி போட்டார். பின்சீட்டிலிருந்து ஆனந்தவள்ளிக்கு அது தெரிந்தது. கையெழுத்து பழுப்பேறிக் கிடந்தது, தேதி பளிச்சென்று நீல மையில் இருந்தது.

பால்பண்ணை ரவுண்டானாவில் கார் நின்றபோது அவருக்குப் போன் வந்தது. காரில் நாலு பேர் இருக்கிறார்களே என்ற யோசனையெல்லாம் அவருக்குக் கிடையாது.

"திங்கக்கிழமையோட முடிஞ்சுது தம்பி. கலையரசன் நம்ம பையன், சொன்ன எடத்துல முத்திரை குத்துவான். ரெண்டாவது போரைக் குளத்துக்குள்ளயே எறக்கிடுவோம். உன் புது லாட்ஜுக்கு ஒரு நாளைக்கு ஆறு லாரி. ஊருக்கா? ஊருக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வரும், வராமப் போகும், நீ ஏன் கவலைப்படுற?"

விஜயராணி அம்மாவின் கையைப் பிடித்தாள். ஆனந்தவள்ளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இதற்காகத்தான் தன்னை விடுகிறார் என்று அவளுக்கு விளங்கியது. ஊர் மனு கொடுத்ததே அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அறுநூற்றிப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து கலையரசனுக்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

கோயிலில் சொல்ல முடியாத கூட்டம். இரும்புக் கம்பித் தடுப்புக்குள் போய்விட்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. முன்னால் வீரமலையின் முதுகு, பின்னால் யாரோ ஒரு குழந்தையின் அழுகை. இரண்டு மணி நேரம் அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். சும்மா இருந்தால் போதும். இன்னும் ரெண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் செவ்வாய்க்கிழமை எட்டு பத்து பஸ். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாம் அவரே செய்கிறார். யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? இதைத்தான் திரும்பத் திரும்பத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

சந்நிதியில் வீரமலை தட்டில் காகிதத்தை வைத்து நீட்டினார். பட்டர் வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு சங்கல்பம் பண்ணணும்?" என்று கேட்டார்.

"ஆனந்தவள்ளி. பூராடம்" என்றார் வீரமலை.

பட்டர் ஆனந்தவள்ளியைப் பார்த்தார். "ப்ரார்த்தனை என்னன்னு நீங்க மனசுல நெனைச்சுக்கோங்கோம்மா. சுதர்சனர் அநுக்ரஹம் பண்ணுவார்."

அவள் கண்ணை மூடினாள். என்னை விட்டுவிடு என்று கேட்கத்தான் நினைத்தாள். அதற்குப் பதிலாக மனசில் வந்து நின்றது கைநாட்டு வைத்த அற்புதம்மாள். ஊதா மையில் அந்தப் பெருவிரல். அறுபத்தஞ்சு வயசில் நாலு குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குத் தள்ளிக்கொண்டு போகிற பொம்பளை. என்ன கேட்பது என்று தெரியாமலே ஆனந்தவள்ளி கண்ணைத் திறந்தாள். காகிதம் துளசியும் குங்குமமும் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது, வீரமலை பைக்குள் போயிற்று.

வெளியே வந்ததும் வீரமலை பிரசாதம் வாங்கப் போனார்.

"மாமா, நானும் பாப்பாவும் வளையல் பாத்துட்டு வரோம்."

"சீக்கிரம் வாங்க. கார் ரொம்ப நேரம் நிக்க விட மாட்டான்."

வளையல் கடையைத் தாண்டி அவள் நடந்த வேகத்துக்கு விஜயராணி ஓட வேண்டியிருந்தது. போஸ்ட் ஆபீஸில் கவுண்டர் மூட இருபது நிமிஷம் இருந்தது. மரப்பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து கலெக்டருக்கு எழுத ஆரம்பித்தாள். 'என் பெயரில் ராஜினாமாக் கடிதம் ஏதாவது வந்தால் அது நான் கொடுத்தது அல்ல. நான் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன்பே என்னிடம் தேதியில்லாமல் வாங்கியது. நான் பதவி விலகவில்லை.' லாரியைப் பற்றியும் எழுதினாள், நம்பரோடு. கையெழுத்துப் போட்டு, மைப்பெட்டியைத் திறந்து, முத்திரையை அழுத்திக் குத்தினாள். நாலு வருஷத்தில் யாரும் கூப்பிடாமல் அவள் குத்திய முதல் முத்திரை அது.

விஜயராணி தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டாள்.

"என்னம்மா பண்ற? அவரே விடுறேங்கறாரு. நீ வெளிய வரணும்னு நான் கையெழுத்துப் போட்டேன், நீ உள்ள போய் தாப்பாப் போட்டுக்குறியே."

"தெரியுது பாப்பா."

"ஊரு உன்னத்தான் இன்னும் திட்டும். பதவியை விட மனசு வரலம்பாங்க."

"ஆமா. திட்டுவாங்க."

"அப்புறம் எதுக்கு?"

ஆனந்தவள்ளி மைப்பெட்டியை மூடினாள். "கலையரசனை எறக்க ஊருகிட்ட எந்தக் காகிதமும் இல்ல பாப்பா" என்றாள். "நான் இருந்தா ரெண்டாவது போருக்கு முத்திரை குத்த மாட்டேன்னு சொல்லலாம். அவன் சொன்ன எடத்துல குத்திடுவான்."

கவுண்டர்க்காரர் ரெஜிஸ்தர் தபாலுக்கு ரசீது கொடுத்தார். விஜயராணி அதை வாங்கித் தன் போன் கவருக்குள் வைத்துக்கொண்டாள். கோபம் தீரவில்லை, ஆனாலும் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது அவசரமாக ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினார்கள். அளவு சரியில்லை.

திங்கட்கிழமை ஸ்கூல் மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தது. இத்தனை கூட்டம் எந்தக் கிராம சபைக்கும் வந்ததில்லை. மேல் ஆபீஸிலிருந்து கூட்டத்தைப் பார்க்க வந்த அதிகாரி வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவு செலவு வாசித்து முடித்ததும் வீரமலை எழுந்து மைக்கை வாங்கினார். ஊரின் மனசைப் புரிந்துகொண்டதாகவும், தம்பி பெண்டாட்டி என்றும் பார்க்காமல் முடிவு எடுத்ததாகவும் சொன்னார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். குங்குமம் ஒட்டிய காகிதம். வாசித்துவிட்டு அதிகாரியின் மேஜையில் வைத்தார்.

பந்தல் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். பின்னால் யாரோ கொண்டுவந்திருந்த பட்டாசுச் சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். அற்புதசாமி மட்டும் கை தட்டவில்லை. ஆனந்தவள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெடிச்சத்தம் அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு எழுந்தாள். மைக் கேட்டு யாரும் கொடுக்கவில்லை. இல்லாமலே பேசினாள்.

"இது நான் குடுத்த காகிதம் இல்லைங்க. நான் ஜெயிக்கறதுக்கு முன்னாடியே தேதி இல்லாம வாங்குனது. தேதி போட்டது மாமா, முந்தாநாளு, கார்ல வச்சு. சனிக்கிழமையே மேல எழுதிப் போட்டுட்டேன், ரசீது இருக்கு. நான் போகல."

அப்புறம் எழும்பியது பாருங்கள், நாலு வருஷத்துக் கோபம் மொத்தமாக. எறங்கு, எறங்கு என்று முன்வரிசைப் பொம்பளைகளே கத்தினார்கள். இவளுக்கு இன்னும் ஆசை தீரல பாரு என்றது ஒரு குரல். மண்ணை வாரி எறிந்தார்கள். அது அவள் புடவையில் விழுந்தது. விஜயராணி அழுதுகொண்டே அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ரசீதை எடுத்து மேஜையில் வைத்தாள். வீரமலை சத்தம் போடவில்லை. வழக்கம்போலச் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். பை காலியாக இருந்தது, காகிதம் அதிகாரியின் மேஜையில் கிடந்தது. கை அப்படியே நின்றது.

அதிகாரி ரசீதையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையெழுத்து மையையும் தேதி மையையும் பார்த்தார். "இது மேல முடிவாகட்டும். அதுவரைக்கும் இவங்கதான் தலைவர்" என்றார்.

"அப்ப ஒரு தீர்மானம் இருக்குங்க" என்றாள் ஆனந்தவள்ளி. மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. "குளத்துப் போர் தண்ணி இன்னையிலேருந்து லாரிக்கு இல்ல. குளத்துக்குள்ள புதுப் போர் இல்ல. நீங்க கை தூக்கினா நான் கையெழுத்துப் போடறேன்."

யாரும் கை தூக்கவில்லை. அவளை நம்ப யாருக்கு மனசு வரும்? கடைசியில் அற்புதசாமி தூக்கினார். அப்புறம் பின்னால் எங்கிருந்தோ மருதை, அண்ணன் இருந்த பக்கம் திரும்பாமல், முழங்கையைப் பாதி மடக்கியபடி. அப்புறம் அற்புதம்மாள். அதன் பிறகு எண்ண முடியவில்லை.

தீர்மான நோட்டில் அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வீரமலை அருகில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காமல், "சாயங்காலத்துக்குள்ள பின்கட்டைக் காலி பண்ணிடும்மா" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"சரிங்க மாமா" என்றாள்.

கூட்டம் கலைந்தது. கை தூக்கின பொம்பளைகள்கூட அவளிடம் பேசாமல்தான் போனார்கள். வாடகைக்கு வீடு தேட வேண்டும். ஷெட்டுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்ல வேண்டும், அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. அற்புதசாமி மேஜைக்கு எதிரில் வந்து நின்றார்.

"மனுவுக்குப் பதில் வரலையேம்மா."

ஆனந்தவள்ளி கைப்பையிலிருந்து அந்த முப்பத்தொரு தாளையும் எடுத்தாள். மேலே ஒரு தாள் வைத்துத் தைத்திருந்தாள். 'மனுதாரர் கோருவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இடம் இருக்க வேண்டும் என்பதே இந்த ஊராட்சித் தலைவரின் கருத்து. சட்டம் போடுபவர்களின் பார்வைக்கு இம்மனு மீண்டும் அனுப்பப்படுகிறது.' வட்ட முத்திரை குத்தியிருந்தது. அற்புதசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கடைசித் தாளைத் திருப்பினார். அறுநூற்றிப் பன்னிரண்டுக்குக் கீழே, அறுநூற்றிப் பதின்மூன்று, ம. ஆனந்தவள்ளி என்று எழுதியிருந்தது.

"எழுதினது சரிதான். ஆனா இது சுத்திச் சுத்தி மறுபடியும் உங்க மேஜைக்குத்தாங்க வரும்."

"வரட்டும் சார்" என்றாள் அவள். "இன்னும் ஒண்ணேகால் வருஷம் இங்கதான் இருக்கேன்."